பிளேயர் பியானோ தோலுக்கு என்ன பூசுனீங்க? சொதப்பினதையும் சேர்த்து சொல்லுங்க

மாட்டுங்கா பெட்டிக்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். பேப்பர் ரோல் மாட்டி கால்ல மிதிச்சா தானா வாசிக்குமே, அந்தப் பியானோ ஒண்ணு, ரெண்டு வருஷம் முன்னாடி கைக்கு வந்துச்சு. 88 நோட்டு, 11¼ இன்ச் ரோல், 1908ல பஃபலோ ஊர் மீட்டிங்ல அமெரிக்கக் கம்பெனிங்க ஒத்துக்கிட்ட சைஸு, அதனால ரோல் பத்தி கவலையில்ல, தலைவலி எல்லாம் உள்ள இருக்கற தோல்தான். நோட்டுக்கு ஒரு பவுச், அதாவது ஒரு தோல் துண்டு, மெல்லிசா வட்டமா, கொஞ்சம் தொளதொளன்னு இருக்கணும். ரோல்ல ஓட்டை வந்ததும் வெளிக்காத்து அதுக்கு அடியில போய் தூக்கும், வால்வு திறக்கும், நோட்டு அடிக்கும். தோல் வழியா காத்து கசிஞ்சா தூக்காது, இல்லேன்னா லேட்டா தூக்கும். மிதிச்சு மிதிச்சு என் முட்டிதான் போச்சு, வாசிச்சது நாலஞ்சு நோட்டு.

அவசரத்துல கடையில வாங்குன சிலிகான் சீலன்ட்ட அப்பிட்டேன். காத்து நின்னுச்சு, ஆனா தோல் அப்பளம் மாதிரி விறைச்சிடுச்சு. பிச்செடுத்துட்டு புதுசு ஒட்டலாம்னா சிலிகான் பட்ட மரத்துல வஜ்ரப் பசை பிடிக்கவே மாட்டேங்குது, சுரண்டியே ஒரு மாசம்.

புதுத்தோலுக்கு தாராவி போனேன். கடைக்காரர் திருநெல்வேலிக்காரர், "செருப்புக்கா தம்பி?"ன்னார், விஷயத்தை சொன்னதும் ஒரு தோல வாயில வச்சு உறிஞ்சிப் பாத்துட்டு "இது ஆகாது, காத்து வருது"ன்னு தூக்கிப் போட்டார். அண்ணாச்சிக்கு பியானோன்னா என்னன்னே தெரியாது, டெஸ்ட் மட்டும் கரெக்ட்! இப்ப ரப்பர் சிமென்ட்டு, அதான் பஞ்சர் சொல்யூஷனோட பங்காளி, அதை தண்ணியா கரைச்சு ஒரே ஒரு கோட்டு, காஞ்சதும் லேசா பவுடர். ஒவ்வொண்ணையும் டியூப் வச்சு உறிஞ்சிப் பாத்துட்டுதான் மாட்டுவேன்.

தாதர் ஆர்மோனியம்:
அண்ணே, மழைக்காலத்துல பூசாதீங்க. ஆர்மோனியம் துருத்திக்கு ஜூலைல வஜ்ரம் போட்டேன், மூணு நாளாகியும் பிசுபிசு. அந்த சொல்யூஷன் வாடைக்கு ஜன்னலத் திறந்தா சாரல் வேற உள்ள அடிக்குது.

செம்பூர்வாசி:
முட்டை வெள்ளைக்கரு பூசுவாங்கன்னு படிச்சு ட்ரை பண்ணேன், மெல்லிசா பூசினா நல்லாவே அடைக்குது, தோலும் விறைக்கல. ஆனா எங்க வீட்ல முட்டை வாசப்படி தாண்டக்கூடாது, பக்கத்து ஃபிளாட் மராத்தி ஆன்ட்டி கிச்சன்ல உக்காந்து 88 பவுச்சுக்கும் பூசினேன். மஞ்சக்கருவ அவங்க வீணாக்கல, எனக்கே ஆம்லெட் போட்டு குடுத்தாங்க. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.