அப்பாவின் கவிதையில் வரும் 'நீ' யார்? நினைவு மலருக்காகக் கேட்கிறேன்

கேள்வி (யாழ்ப்பாணம் கோண்டாவிலிலிருந்து)

அப்பா காலமாகி இன்றுடன் 19 நாள். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அச்சிட வேண்டும். தேவாரம், திருவாசகம், வம்ச விபரம், நன்றி நவிலல் எல்லாம் அச்சகத்தில் கொடுத்தாயிற்று. ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக நிற்கிறது.

அப்பா தோட்டம் செய்தவர். வெங்காயம், புகையிலை, மரவள்ளி. படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிட்டது. ஆனாலும் ஏழு அப்பியாசக் கொப்பிகள் நிறையக் கவிதை எழுதி வைத்திருக்கிறார். 1997 மாசி என்று குறித்த ஒன்றுக்குத் தலைப்பில்லை:

உன் குதிக்காலில் ஒட்டிய செம்பாடு
என் விறாந்தையில் காய்ந்து கிடக்கிறது.
நான் கழுவவில்லை.
கடலுக்கு அப்பால் இன்று நீ
எந்த மண்ணை மிதிக்கிறாய்?

கனடாவிலிருந்து பெரியப்பா தொலைபேசியில் சொன்னார்: "இது தாயகக் கவிதை, பிள்ளை. 'தாய்மண்ணே' என்று தலைப்புப் போடு." அவர் சொல்வதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2004இல் எங்கள் கோயில் திருவிழாக் கவியரங்கத்தில் அப்பா இதை வாசித்தபோது, மண்ணைப் பற்றிய கவிதை என்று தன் வாயாலேயே சொன்னாராம். அந்தக் கைதட்டலை ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

அம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னது வேறு. 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கியதால் எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் திருமணம் ஆகியிருக்கவில்லை. அடுத்தடுத்த வளவு, தூரத்து மச்சான் முறை. கொட்டும் மழையில், "நாங்கள் போகிறோம், நாளைக்கோ மறுநாளோ வந்துவிடுவோம்" என்று சொல்வதற்காக அம்மா அப்பா வீட்டு விறாந்தையில் ஓடி ஏறியிருக்கிறார். காலில் செருப்பில்லை, செம்பாட்டுச் சேறு மட்டும், எங்கள் ஊர்ச் செம்மண். பிறகு நாவற்குழிப் பாலம், சாவகச்சேரி, கிளாலியில் படகேறிக் கடலேரி தாண்டி வன்னி. அப்பாவின் குடும்பம் சாவகச்சேரியோடு நின்று 1996இல் திரும்பிவிட்டது. வந்து பார்த்தபோது விறாந்தையில் அந்தக் கால் அடையாளம் இருந்திருக்கிறது.

இருவருக்கும் இடையில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கடிதம்தான் போய்வந்தது. ஒட்டாத தாள், வீட்டுச் சேதி மட்டும் எழுதலாம். "நலம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது" என்று அப்பா எழுதுவாராம். 2002இல் வன்னியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 பாதை திறந்த பிறகுதான் அம்மா ஊருக்கு வந்தார், அந்த ஆண்டே திருமணம். கவிதையை அம்மா முதன்முதலில் கேட்டது 2004இல், அந்தக் கோயில் வீதியில், மணலில் உட்கார்ந்து, மடியில் என்னை வைத்துக்கொண்டு.

"மண்ணுக்குக் குதிக்கால் இருக்கிறதா?" என்று என்னிடம் கேட்டார். பிறகு, "பெரியப்பா சொல்கிறபடியே போடு, எனக்கென்ன" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், என்ன தலைப்புப் போடுவது?

மறுமொழி (கனடா, ஸ்காபரோவிலிருந்து)

தங்கச்சி, பெரியப்பாவைக் கோபிக்காதீர்கள். நான் 1989இல் வந்தவன். ஊர்க் கவிதை எதைப் படித்தாலும் எனக்குத் தெரிவது எங்கள் கிணற்றடிதான். அதில் வருகிற 'நீ' யாராக இருந்தாலும் நான் அந்தக் கிணற்றடியைத்தான் கூப்பிடுகிறேன். உங்கள் பெரியப்பாவும் அப்படித்தான் வாசித்திருப்பார். இன்னொன்று. அப்பா மேடையில் பொய் சொன்னார் என்று எண்ணிவிடாதீர்கள். கோயில் வீதியில் ஊர்ச் சனத்தின் முன்னால், "இது என் மனைவியின் கால்" என்று சொல்லக்கூடியவர்களா நம் அப்பாமார்? மண் என்று சொன்னதால்தான் அவரால் அதை உரத்து வாசிக்க முடிந்தது.

மறுமொழி (மானிப்பாயிலிருந்து)

உரத்து வாசிக்க முடிந்தது, சரி. அதற்கு விலை கொடுத்தது யார்? மணலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா. தனக்கு எழுதிய கவிதையை ஏழு ஆண்டு கழித்துக் கேட்கிறார், அதுவும் வேறொருத்தியின் பெயரில். அந்த வேறொருத்தி மண்.

நானும் எழுதுகிறவள். பெண்ணை மண்ணாகவும் மண்ணைத் தாயாகவும் பாடிய கவிதைகளைக் கேட்டே வளர்ந்தேன். அவற்றில் பல நல்ல கவிதைகள், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களுக்குப் பசிக்காது, கோபம் வராது, அவர்கள் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்ல மாட்டார்கள். 1986இல் யாழ்ப்பாணத்தில் 'சொல்லாத சேதிகள்' கவிதைத் தொகுப்பு வந்தபோது அதில் பேசியவர்கள் பெண்கள். போரும் இருந்தது, காதலும் இருந்தது, வீட்டு ஆண்களோடு வழக்கும் இருந்தது. அதைப் பின்னாளில் கையில் எடுத்தபோதுதான், நாங்கள் பாடப்படுகிற பொருள் மட்டுமல்ல என்று எனக்கு உறைத்தது.

தங்கச்சி, 'தாய்மண்ணே' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அம்மா அடுப்படிக்குப் போனது சம்மதம் அல்ல.

மறுமொழி (நெல்லியடியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

பிள்ளை, ஆழ்ந்த அனுதாபங்கள்.

உங்கள் அப்பா தலைப்பு வைக்காமல் விட்டது மறதியால் என்று நான் நினைக்கவில்லை. அகப்பாட்டில், அதாவது காதற்பாட்டில், தலைவன் தலைவியைப் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் அகத்திணையியலில் உள்ள விதி. பாடப்படுகிறவரைப் பெயர் சுட்டிச் சொல்வது புறப்பாட்டுக்கு உரியது. பெயரில்லாத அந்த இடத்தில்தான் பின்னால் வந்தவர்கள் தத்தம் அன்புக்குரியவரை இருத்தினார்கள். ஆண்டாள் திருமாலை இருத்தினாள். 1891இல் வந்த மனோன்மணீயம் நாடகத்தில் நிலமே பெண்ணாகி, அவளுக்கு முகமும் நெற்றியும் திலகமும் அமைந்தன. நம் நாட்டுக் கவிஞர்களும் அந்த இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். ஆகவே பெரியப்பாவின் வாசிப்பு பிழையானதல்ல, அதற்கு நீண்ட வழி இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருத்தி இருக்கும்போது, அவளை எழுப்பிவிட்டு இன்னொருத்தியை இருத்தலாமா?

ஈழம் என்ற சொல்லைத் தன் பெயரில் தாங்கிய சங்கப் புலவர் ஈழத்துப் பூதந்தேவனார். அவர் பெயரில் கிடைப்பவை ஏழு பாடல்கள்: அகநானூற்றில் 3, குறுந்தொகையில் 3, நற்றிணையில் 1. ஏழும் அகம். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

குறுந்தொகை 189ஐ எடுத்துப் பாருங்கள். கடமைக்காகப் புறப்படும் தலைவன் தேர்ப்பாகனிடம் "இன்றே சென்று வருதும் நாளை" என்கிறான். தேர்ச் சக்கரம் வானிலிருந்து விழும் கொள்ளிபோல் பசும்பயிரைத் துமித்துக்கொண்டு போகிறது. 1995க்கு முன் அதை எரிநட்சத்திரம் என்று மட்டும் விளக்கினேன். பிறகு வகுப்பில் அந்த வரிக்கு வந்தால் பிள்ளைகள் மேலே பார்ப்பார்கள், நானும் பார்ப்பேன். பாட்டு மாறவில்லை, அது காதற்பாட்டுத்தான்.

தலைப்புக்கு வழி ஒன்று உண்டு. பழம்பாடல்களின் கீழே, யார் யாருக்கு எந்த நிலையில் சொன்னது என்று துறைக்குறிப்பு இருக்கும். பெயர் இருக்காது. அதுபோல் தலைப்பின்றி விட்டு, கீழே ஒரு வரி போடுங்கள். அந்த வரியை அம்மா சொல்லட்டும்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா, உங்கள் மறுமொழியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இன்றே சென்று வருதும் நாளை" என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். "நாங்களும் அப்படித்தானே சொல்லிவிட்டுப் போனோம்" என்றார். வெகுநேரம் வேறு ஒன்றும் சொல்லவில்லை. இரவு படுக்கப் போகும்போது கூப்பிட்டு, எழுதிக்கொள் என்றார்:

கிளாலிக்கு அப்பால் இருந்தவளுக்கு, கோண்டாவிலில் இருந்தவன் சொன்னது.

அப்படியே அச்சகத்தில் கொடுத்துவிட்டேன்.

பெரியப்பாவிடம் விறாந்தைக் கதையைச் சொன்னேன். அவருக்கு அது இதுவரை தெரியாதாம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த விறாந்தைக்குச் சீமெந்து பூசியபோது நான் சிறுவன், தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். அடையாளம் இருக்கிற இடத்தைப் படம் எடுத்து அனுப்பு" என்றார்.

எந்த இடம் என்று அம்மாவைக் கேட்டேன். தூணுக்குப் பக்கத்தில் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. 2002இல் கலியாணமாகி வந்த மூன்றாம் நாள், தானே தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவிவிட்டாராம்.