கர்ப்பிணிக்குக் கொரோனா தடுப்பூசி: அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணம் அருகே எங்களுடன் இருக்கும் என் தங்கை இப்போது ஐந்தாம் மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகளும் தடுப்பூசி செலுத்திக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 ஜூலை 2 அன்று அறிவித்துவிட்டது. எந்த மாதத்திலும் போடலாம் என்பதால் தள்ளிப்போட வேண்டியதில்லை என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். ஆனால், குழந்தைக்கு ஆகாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவுகளைக் கேட்டு அவளுடைய மாமியார் மிகவும் அஞ்சுகிறார். அவருடைய அச்சம் அன்பால் வருவது. அதை அதட்டிப் போக்க முடியாது.

2021-இல் கோவிஷீல்டுக்கு இரண்டாம் தவணை 12 முதல் 16 வாரங்கள் கழித்தும், கோவாக்சினுக்கு 4 முதல் 6 வாரங்களிலும் போடப்பட்டதால், பிரசவத்திற்குள் இரண்டு தவணைகளையும் முடிக்க எது வசதி என்று உங்கள் மருத்துவர்கள் கூறினார்கள்? எங்கள் பகுதியில் கோவாக்சின் இருப்புள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எது? ஊசிக்குப் பின் காய்ச்சல் கண்ட கர்ப்பிணிகளுக்கு என்ன மாத்திரை பரிந்துரைக்கப்பட்டது? குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேனை இந்த மாதத்திலேயே எடுத்தாக வேண்டும் என்பதால், கூட்டம் குறைவான நேரத்தையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மருத்துவரோ கிராம சுகாதார செவிலியரோ நேரில் சொன்னதை, கேள்விப்பட்டதிலிருந்து பிரித்து எழுதினால், அதை அப்படியே அவளுடைய மாமியாருக்குப் படித்துக் காட்டுவேன்.