கூட்டுச்சதி வழக்கில் தண்டனை, அப்பீல்: சேலம் அஸ்தம்பட்டி கோர்ட் படியேறியவர்கள் எழுதுங்கள்

கொண்டலாம்பட்டிக்காரன்:
எங்கள் சித்தப்பா ஏ4, அதாவது நாலாவது குற்றவாளி. போலி நகை அடகு, 120பி (கூட்டுச்சதி)-யுடன் 420 (மோசடி). ஏ1 நகை மதிப்பீட்டாளர். அவருக்காகச் சித்தப்பா இரண்டு நகைப் பாக்கெட்டைத் தன் பெயரில் அடகு வைத்துக் கொடுத்தார். தெரிந்தா தெரியாமலா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு வருடம் என்று சொன்னபோது மணி மூன்றே கால். ஏற்கெனவே ஜாமீனில் இருந்தவர், தண்டனையும் மூன்று வருடத்தைத் தாண்டவில்லை என்பதால் அப்பீல் போடும்வரை தண்டனையை அதே கோர்ட்டே நிறுத்தி வைத்தது. ஆனால் இரண்டு ஜாமீன்தார் வேண்டும். ஒருவர் ஏற்காட்டு மாமா. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வர வேண்டும், போனையும் எடுக்கவில்லை.

கூண்டில் ஏறும்போது சித்தப்பா செருப்பைக் கழற்றி விட்டிருந்தார். விடுதலையான ஏ3 அவசரத்தில் அதை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நாலே முக்காலுக்கு மாமா ஜாமீனுக்குக் காட்ட வேண்டிய, மழையில் நனைந்த வரி ரசீதோடு ஓடி வருகிறார், இவர் பெஞ்சுக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். அப்பீல் இன்னும் மேல் கோர்ட்டான செஷன்ஸில் இருக்கிறது. எனக்கு அந்தக் குனிந்த முதுகுதான் போக மாட்டேன் என்கிறது.

அம்மாபேட்டை மருமகள்:
உங்களுக்காவது அன்றைக்கே வீடு. என் வீட்டுக்காரருக்கு நாலு வருடம். தண்டித்த கோர்ட் நிறுத்த முடியாது, செஷன்ஸில்தான் கேட்க வேண்டும் என்றார் வக்கீல். நேராக மத்திய சிறை. மனு போட்டு அவரைப் பார்க்கப் போனேன். வலைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "தறியில பாவு இருக்கா?" நெய்யக் கட்டியிருந்த அந்த நூலை முதலாளி ஆள் வந்து அவிழ்த்துக்கொண்டு போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. இருக்கு என்றேன்.

தீர்ப்பு நகலை அன்றே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். அது தெரியாமல் நகல் மனு எழுத ஒருவருக்குப் பணம் அழுதது தனிக் கதை. அப்பீலுக்கு முப்பது நாள் கெடு, மறக்காதீர்கள்.

அடிவாரம்:
முப்பது இல்லை, அறுபது. மச்சான் வழக்குக்கு ஒரு வருடம் அலைந்தவன் நான், என் கதை அவ்வளவுதான். ஆனால் சிலது சொல்ல வேண்டும். நிறுத்தி வைக்கக் கேட்கும்போது அபராதத்தையும் சேர்த்துக் கேளுங்கள், விட்டுவிட்டால் கட்டச் சொல்வார்கள். அப்பீல் போனால் தண்டனையைக் கூட்டிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. நீங்கள் மட்டும் போயிருந்தால் கூட்ட முடியாது, அரசுத் தரப்பும் போதாது என்று போனால்தான் வம்பு. கொண்டலாம்பட்டிக்காரரே, மற்றவர்கள் விடுதலை என்றால் உங்கள் வக்கீல் 1955 தோபன்தாஸ் தீர்ப்பைக் காட்டினாரா? தனி ஆள் ஒருவன் சதி செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அப்புறம், 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றம் என்றால் சட்டப் பிரிவு எண்ணே வேறு, 120பி-க்கு 61, 420-க்கு 318 என்று வரும். பழசுக்குப் பழைய எண்தான். குமாஸ்தாவே மாற்றி எழுதுவார், ஒரு முறை படித்துப் பாருங்கள்.

அம்மாபேட்டை மருமகள்:
அறுபது ஹைகோர்ட்டுக்குங்க. மாஜிஸ்திரேட் தீர்ப்பிலிருந்து செஷன்ஸுக்கு முப்பதேதான். உங்களை நம்பி யாராவது ஐம்பதாம் நாள் போய் நின்றால்?

சீட்டுப் போட்டவன்:
எல்லாம் தண்டனை வாங்கியவர்கள் தரப்புக் கதையாகவே இருக்கிறது. என் அம்மா செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசு பற்றவைத்துச் சேர்த்த பணம் ஏலச்சீட்டில் போனது. ஆறு பேரில் நாலு பேர் விடுதலை. 2009 டிசம்பர் 31 முதல் ஏமாந்தவர்களும் விடுதலையை எதிர்த்து அப்பீல் போகலாம், போனோம். முதல் வாய்தாவில் அந்த நாலு பேரில் ஒருவர் வந்து, "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்றார். அம்மா வாய் தவறி "ஆச்சுப்பா" என்றுவிட்டார். பஸ்ஸில் வீடு வரும்வரை அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார்.

கொண்டலாம்பட்டிக்காரன்:
அடிவாரம் அண்ணா, ஏ1-க்கும் தண்டனை, அதனால் தோபன்தாஸ் எங்களுக்கு உதவாது. செருப்பை ஏ3 போன மாதம் கொண்டுவந்தார். சித்தப்பா வாங்கவில்லை. திண்ணையில்தான் கிடக்கிறது.