சிதம்பரம் அண்ணாமலை நகரோட தொடர்பான ஆக்கள் ஆர் ஆர்?

கிளிநொச்சி_ரீச்சர்:
வணக்கம். எங்கட அறிவியல் நகரில பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருந்தும் பிள்ளையள் கம்பஸ் எண்டா கட்டடமும் போர்டிங்கும் எண்டுதான் நினைக்குதுகள், அப்பிடியான ஊரில காசு போட்டவை எழுதினவை எல்லாம் எப்பிடி வந்து சேருவினம் எண்டு காட்ட ஆசை. தமிழ் மன்றத்தில, சிதம்பரத்தில அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிற அண்ணாமலை நகரைப் பற்றிக் கதைக்கப் போறன். அந்தப் பல்கலைக்கழகத்தை அண்ணாமலைச் செட்டியார் தொடங்கினவர் எண்டது தெரியும், வேற ஆர்? இலங்கை ஆக்கள் இருந்தா இன்னும் நல்லம்.

குளக்கட்டு:
ரீச்சர், செட்டியாரை ஒரு வரியில விட்டுடாதேங்கோ. கானாடுகாத்தானில 1881 இல பிறந்தவர், பர்மா இலங்கை மலாயா எண்டு நகரத்தார் எண்ட அவற்றை செட்டியார் சமூகத்தின்ர வட்டிக்கடை பரந்திருந்த காலம், கொழும்புச் செட்டியார் தெருவைச் சொன்னா பிள்ளையளுக்கு உடன விளங்கும். 1920 இல சிதம்பரத்தில மீனாட்சி கல்லூரி தொடங்கி, 1929 இல அது பல்கலைக்கழகமா வந்தது. பிறகு தமிழிசைக்கும் அவர்தான் முன்னுக்கு நிண்டவர், 1943 இல சென்னையில தமிழ் இசைச் சங்கம்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல் தமிழ்ப் பேராசிரியரா வந்தது ஆர் தெரியுமே, எங்கட காரைதீவு விபுலானந்த அடிகள், 1931 இல. சங்க இலக்கியத்தில வாற யாழ் எப்பிடி இருந்திருக்கும், எத்தினை நரம்பு, என்ன சுருதி எண்டு வருசக்கணக்கா ஆராஞ்சு 'யாழ் நூல்' எழுதினார், அது 1947 யூன் மாசம் அரங்கேறிச்சு, அடுத்த மாசமே அடிகள் காலமாயிட்டார். இதைச் சொல்லேக்க எனக்கு எப்பவும் தொண்டை அடைக்கும்.

பரந்தன்_அக்கா:
மௌனியை மறக்காதேங்கோ!! சிறுகதை எழுதின மௌனி, கணக்குப் படிச்சவர், சிதம்பரத்தில அரிசி மில் பாத்துக்கொண்டு இருந்தவர். யாவாரமும் இலக்கியமும் ஒரே ஆளில. இருபது சொச்சம் கதைதான் எழுதினவர், அதுக்கே புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் எண்டு சொன்னவர். எங்கட அப்பாவும் மில்லிலதான் வேலை செய்தவர், நெல்லு மூட்டை தூசிக்கு நடுவில இருந்து ஒராள் 'அழியாச்சுடர்' மாதிரி எழுதலாம் எண்டு வாசிச்ச நாள் எனக்கு நித்திரை வரேல்லை. வயல்காரப் பிள்ளையளுக்கு இவரைத்தான் முதல் சொல்லோணும்.

நெடுங்கேணியான்:
தனிநாயகம் அடிகளும் அங்கதான் படிச்சவர். 1913 இல பிறந்தவர், ரோமில படிச்சுக் குருவாகி, முப்பது வயசு தாண்டினபிறகு 1945 இல அண்ணாமலையில தமிழ் எம்ஏக்குச் சேர்ந்தவர். பிறகு அவர் முன்னுக்கு நிண்டு நடத்தினதுதான் 1966 கோலாலம்பூர் உலகத் தமிழ் மாநாடு. சண்டைக்குள்ள படிப்பு விட்டுப்போன எங்கட ஆக்களுக்கு இந்த வயசுக் கணக்கை அழுத்திச் சொல்லுங்கோ ரீச்சர்.

இன்னொண்டு, பல்கலைக்கழகம் வர முதலே ஆறுமுக நாவலர் 1864 இல சிதம்பரத்தில சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவிப்போட்டார். அப்ப எங்கட ஆக்கள் அங்க போய்வாறது புதுசில்லை.

கிளிநொச்சி_ரீச்சர்:
எல்லாருக்கும் நன்றி, அக்கா சொன்ன மில் கதையிலயே தொடங்கிறன், எங்கட வகுப்பில பாதிப் பேர் நெல்லுக்காரர் வீட்டுப் பிள்ளையள்தான். விபுலானந்தருக்கு மட்டும் தனியா ஒரு நாள் எடுக்கோணும் போல இருக்கு. யாழின்ர படம் ஒண்டு பெருசா கீறித் தர ஆராவது இருக்கிறியளோ?