தீக்காயத்துக்குப் போட்ட வெள்ளைக் களிம்பைக் கால் புண்ணுக்கும் போடலாமா?

கேள்வி: சோமனூர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பா சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறார். இளவயது முதலே நின்றபடி செய்யும் வேலைதான். இடது காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பது பல காலமாகவே உண்டு. சென்ற தை மாதம் உட்புறக் கணுக்காலுக்குச் சற்று மேலே அரிப்பெடுத்துச் சொறிந்த இடம் புண்ணாகி, ஆடி பிறந்தும் ஆறாமல் நீர் வடிந்துகொண்டே இருக்கிறது. சுற்றியுள்ள தோல் கறுத்துத் தடித்துவிட்டது. சர்க்கரை நோய் இல்லை. கவுந்தப்பாடியில் கரும்பாலை வைத்திருக்கும் பங்காளி வீட்டு அண்ணனுக்குச் சென்ற ஆண்டு கொப்பரையிலிருந்து பாகு தெறித்து முன்கை வெந்தபோது, மருத்துவமனையில் கொடுத்த வெள்ளைக் களிம்பில் ஆறிவிட்டது. மீதமிருந்த களிம்பை அப்பாவுக்குப் போடச் சொல்லிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அத்தை மத்தன் தைலம் என்கிறார். அம்மா மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் போட்டுவருகிறார். எதைப் போட்டால் ஆறும் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஈரோட்டுச் செவிலியர்

தம்பிக்கு வணக்கம். அண்ணனின் கை வெளியிலிருந்து வந்த சூட்டால் வெந்தது. அப்பாவின் கால் உள்ளிருந்து புண்ணாகியிருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் அனைத்தும் சிரைப் புண்ணைக் காட்டுகின்றன. காலிலிருந்து இரத்தத்தை மேலே அனுப்பும் சிரைகளின் வால்வுகள் பழுதுபட்டு, இரத்தம் கீழேயே தேங்கி, அந்த அழுத்தத்தால் நீர் கசிந்து தோல் நைந்துபோவதால் வருவது அது. தேக்கத்தைக் குறைக்காமல் மேலே எந்தக் களிம்பைப் பூசினாலும் ஆறுவது அரிது.

அந்த வெள்ளைக் களிம்பு பெரும்பாலும் 1% சில்வர் சல்ஃபாடையசினாக இருக்கும். 1968 முதல் தீக்காயப் பிரிவுகளில் புழங்கிவரும் மருந்து. கிருமியைக் கட்டுப்படுத்துவதில் நல்ல பெயர் எடுத்தது. ஆயினும் பூசிய பின் புண்மேல் மஞ்சளும் சாம்பலும் கலந்த ஏடு ஒன்று படியும். அதைச் சீழ் என்று எண்ணிப் பயப்படுவோரும் உண்டு, தோல் வளர்கிறது என்று மகிழ்வோரும் உண்டு. இரண்டும் அல்ல, களிம்பும் புண்ணின் கசிவும் கலந்த படலம் அது. அதை நாள்தோறும் வழித்தெடுக்கும்போது புதிதாக முளைக்கும் தோலும் சேர்ந்து வந்துவிடுவதால், மேலோட்டமான தீக்காயத்துக்குக்கூட இப்போது பலர் இதைத் தவிர்க்கிறார்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகவே ஆகாது. போதாக்குறைக்கு, ஒருவர் புண்ணுக்குப் பிரித்து ஓராண்டு கிடந்த குழாய், எறிந்துவிடுங்கள்.

முதலில் இரத்தநாள அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டு, காலுக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே பாதத்திலிருந்து முழங்கால் வரை அழுத்தக் கட்டுப் போடுவார்கள். தமனி அடைத்த காலில் இறுக்கக் கட்டினால் காலுக்கே ஆபத்து, ஆகவே நீங்களாகக் கட்ட வேண்டாம். ஆறு மாதம் கடந்த புண் என்பதால், விளிம்பு தடித்து மேலெழும்பியிருந்தால் சதைத் துணுக்கு எடுத்துப் புற்றுநோய்ச் சோதனை செய்யச் சொல்வார்கள், அதற்கு மறுக்காதீர்கள்.

பதில்: பெருந்துறை சித்த மருத்துவர்

மத்தன் தைலத்தைப் பற்றி ஒரு சொல். ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துருசு ஆகியவற்றால் காய்ச்சும் தைலம் இது. துருசு என்னும் செம்பு உப்பு அழுகிய சதையைக் கரித்து அகற்றும் என்பதால் அழுக்கும் நாற்றமும் உள்ள புண்ணுக்கு நான் கொடுக்கிறேன். சிவந்து சதை முளைத்துவிட்ட புண்ணுக்கு நிறுத்திவிடுவேன். ஊமத்தையில் நஞ்சு உண்டு. ஆதலால் வீட்டில் காய்ச்சுவதும், பரந்த தீக்காயத்தில் ஊற்றுவதும், குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைப்பதும் கூடாது. உங்கள் தந்தையாருக்கு அழுத்தக் கட்டுக்கு மாற்றாக இதைச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அடுத்து யாராவது தேனைச் சொல்லக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். தீக்காயத்தில் தேனுக்கு வலுவான சான்று இருக்கிறது. 1991இல் சுப்ரமணியம் என்ற இந்திய அறுவை மருத்துவர் 104 நோயாளிகளிடம் தேனையும் சில்வர் சல்ஃபாடையசினையும் ஒப்பிட்டு, தேன் கட்டியவர்களுக்கே விரைவில் ஆறியதாக வெளியிட்டார். ஆனால் சிரைப் புண் உள்ள 368 பேரிடம் நியூசிலாந்தில் நடந்து 2008இல் வெளிவந்த ஆய்வில், அழுத்தக் கட்டோடு தேனையும் சேர்த்ததால் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் கிடைக்கவில்லை. அதிலும், கிருமி நீக்கிய மருத்துவத் தேன் வேறு. மலையிலிருந்து வரும் கொம்புத்தேன் எவ்வளவு உயர்ந்ததாயினும் திறந்த புண்ணுக்கு ஏற்றதன்று.

ஈரோட்டு மஞ்சளுக்கு நானும் பரிந்து பேசுகிறவன்தான். இருந்தும் மஞ்சள் பொடி ஈரப்புண்ணில் இறுகி அப்பிக்கொண்டு, அடியில் என்ன நடக்கிறது என்பதையே மறைத்துவிடும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள்.

பதில்: நாமக்கல் வாசகர்

சர்க்கரை நோயாளிகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சேர்க்கிறேன். உள்ளங்காலில் வரும் புண்ணுக்குத் தேவை அழுத்தக் கட்டன்று, அழுத்தத்தை நீக்குவது. எங்கள் கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் பாதப்புண்களை ஆராய்ந்து, வலி தெரியாததால் அதே இடத்தை மீண்டும் மீண்டும் ஊன்றி நடப்பதே புண் ஆறாமைக்குக் காரணம் என்று காட்டினார். மாவுக்கட்டுப் போட்டு அந்த இடத்துக்கு ஓய்வு கொடுத்ததும், ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்களும் ஆறின. சர்க்கரைப் புண்ணுக்கும் அம்முறை இன்றுவரை கையாளப்படுகிறது.

கேட்டவர் மீண்டும்: சோமனூர் வாசகர்

மிக்க நன்றி. கோவையில் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். கட்டுப் போட்ட பிறகு அப்பா தறிக்குப் போகலாமா? அவருக்கு அதுதான் பெரிய கவலையாக இருக்கிறது.

பதில்: ஈரோட்டுச் செவிலியர்

நடப்பது நல்லது, நிற்பதுதான் கெடுதல். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது; அசையாமல் நிற்கும்போது அந்த வேலை நடப்பதில்லை. முழு ஷிப்டும் தறிமுன் நிற்பதற்குப் பதிலாக, தார் சுற்றுவது (ஊடைநூலைக் குச்சியில் சுற்றுவது) போன்ற உட்கார்ந்து செய்யும் வேலையைச் சில மாதங்களுக்கு முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். உட்காரும்போதும் கால் தொங்கக் கூடாது. படுக்கும்போது நெஞ்சு மட்டத்துக்கு மேல் இருக்கும்படி காலுக்கடியில் தலையணை வையுங்கள். கட்டிய பின் விரல்கள் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலி கூடினாலோ இரவென்றும் பாராமல் கட்டை அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.