மறுமொழி: கேட்காமல் ஓடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் – ‘தன்னொப்புதல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

அனைவருக்கும் வணக்கம்.

அலுவலகக் கணினிகளில் செயற்கை நுண்ணறிவுக் கட்டளைவரிக் கருவிகள் ஆபத்தான முறையில் ஓட்டப்படுவதைக் கண்டறியும் விதிகளுக்கு நல்ல தமிழ்ப் பெயர் தேடித் தொடங்கிய இந்த இழையில், ‘பாதுகாப்பற்ற பயன்பாடு’, ‘அனுமதி தவிர்ப்பு’, ‘ஒப்புதலில்லா இயக்கம்’ என மூன்று சொற்கள் வந்துள்ளன. இத்தகைய விதிகளை எழுதுவதும் அவை எழுப்பும் எச்சரிக்கைகளைப் படிப்பதுமே என் அன்றாட வேலை என்பதால், சொல்லுக்கு முன் பொருளைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

கிளாட் கோட், ஜெமினி சிஎல்ஐ போன்ற, நிரல் எழுத உதவும் கருவிகள் முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், ஓடுபவை. ஒரு கோப்பை மாற்றும் முன்னரோ ஒரு கட்டளையை ஓட்டும் முன்னரோ அவை பொதுவாக நம்மைக் கேட்கும். அண்மையில் ஓர் இளம் பொறியாளரின் அருகில் அமர்ந்து அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். கருவி ஒவ்வொரு முறையும் கட்டளையைக் காட்டி, ‘ஆம்’, ‘ஆம், இனிக் கேட்காதே’, ‘வேண்டாம்’ என்று மூன்று வழிகளை வைத்தது. அவரோ படிக்காமலேயே என்டர் விசையைத் தட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் அதுவும் சலித்துப்போய், ‘டேஞ்சரஸ்லி ஸ்கிப் பெர்மிஷன்ஸ்’ (ஆபத்தானாலும் அனுமதி கேட்பதைத் தவிர்) என்ற தெரிவையும் சேர்த்து, முழுக் கட்டளைக்கும் ஒற்றை எழுத்தில் ஒரு மாற்றுப்பெயர் அமைத்துக்கொண்டார். அவர் தட்டியது ஓர் எழுத்துதான் என்றாலும், கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல் என்ற நிரல் அதை விரித்த பிறகே செயலாக்கம் (ஓடும் நிரல்) பிறக்கிறது என்பதால், எங்கள் பதிவேட்டில் முழு வரியும் விழுந்தது.

இந்த நிலைக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். ‘அனுமதி தவிர்ப்பு’ என்றால், கோப்பு அனுமதிகளைப் பற்றி அறிந்தவர் இயங்குதளத்தின் பூட்டையே கருவி உடைத்துவிட்டதாக நினைப்பார். அப்படி எதுவும் நடப்பதில்லை. கருவி எப்போதும் பயனருக்குரிய அனுமதிகளுடனேயே ஓடுகிறது. பிற கணினிகளில் நுழைய உதவும் அவருடைய எஸ்எஸ்எச் சாவிகளையும் மேகக் கணக்கின் சான்றுகளையும் அவரால் படிக்க முடியும் என்பதால் கருவியாலும் படிக்க முடிகிறது. இடையில் நின்று கேட்கும் அந்த ஒரு கேள்விதான் இல்லாமல் போகிறது. ‘ஒப்புதலில்லா இயக்கம்’ என்பது அழகான சொல். ஆனால் நிறுவனத்தின் ஒப்புதல் பெறாத மென்பொருள் என்றே நம் மேலாளர்கள் அதைப் படிப்பார்கள். நிறுவனமே வாங்கித் தந்த கருவியில்தான் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுகிறது.

2025 ஆகஸ்ட் 26 அன்று நடந்ததை நினைவில் வைத்தே சொல்லைத் தேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிரலாளர்கள் ஆயத்தத் தொகுப்புகளை இறக்கிக்கொள்ளும் என்பிஎம் களஞ்சியத்தில், என்எக்ஸ் என்ற நிரலாக்கத் தொகுப்பின் நச்சுப் பதிப்புகள் அன்று வெளியாயின. நிறுவி முடிந்ததும் தானாக ஓடிய நிரல், அந்தக் கணினியில் கிளாட், ஜெமினி, அமேசான் கியூ ஆகியவை இருக்கின்றனவா என்று தேடி, மூன்றையும் கேள்வி கேட்காத நிலையில் ஓட்டப் பார்த்தது. கிளாடுக்கு மேலே சொன்ன தெரிவு, ஜெமினிக்கு ‘யோலோ’, கியூவுக்கு ‘டிரஸ்ட் ஆல் டூல்ஸ்’. கிரிப்டோ பணப்பைக் கோப்புகளையும் சாவிகளையும் தேடிப் பட்டியலிடும் வேலை அவற்றிடம் ஒப்படைக்கப்பட்டது. திருடப்பட்டவை பாதிக்கப்பட்டவரின் சொந்த கிட்ஹப் (நிரல்களைச் சேமிக்கும் தளம்) கணக்கிலேயே பொதுக் களஞ்சியமாக ஏற்றப்பட்டன. அந்தத் தெரிவுகளை எந்த ஊழியரும் தட்டவில்லை. ஆகவே ‘பயன்பாடு’ என்று முடியும் சொல், செய்யாத தவறை ஊழியர் தலையில் ஏற்றுகிறது. எச்சரிக்கையைப் படிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, கருவியை ஈன்ற தாய்ச் செயலாக்கம் முனையமா, ஒரு தொகுப்பின் நிறுவல் நிரலா என்பதையே.

நான் முன்வைப்பது ‘தன்னொப்புதல்’. தன்னியக்கம், தன்னாட்சி என்பவற்றின் வழியில் அமைந்தது. கருவி தன் செயலுக்குத் தானே ஒப்புதல் அளித்துக்கொள்கிறது என்ற பொருள் முதல் வாசிப்பிலேயே விளங்கும். அரசு விண்ணப்பங்களில் பழகிய ‘சுய சான்றொப்பம்’ நினைவுக்கு வந்து குழப்பாதா என்று கேட்கலாம். வந்தால் நல்லது என்பேன். அங்கே ஒப்பமிட்டவர் பொறுப்பேற்கிறார், இங்கே அப்படி எவரும் இல்லை என்ற வேறுபாட்டை விளக்க அதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது.

இச்சொல் கட்டளைவரித் தெரிவோடு மட்டும் ஒட்டிக்கொள்ளாதது இன்னொரு நன்மை. கிளாட் கோடின் அமைவுக் கோப்பில் ஒரு மதிப்பை எழுதியும் இந்நிலையை இயல்பாக்கலாம். ஜெமினியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோலும் ஒய்யும் சேர்த்து அழுத்தி மாறலாம். இவ்விரண்டிலும் கட்டளைவரி சுத்தமாகவே இருக்கும். வரியை மட்டும் பார்க்கும் விதி ஏமாந்துபோகும். வழி எதுவானாலும் நிலை தன்னொப்புதலே.

தன்னொப்புதல் என்பதாலேயே குற்றமாகிவிடாது. வலையிலிருந்து துண்டிக்கப்பட்ட, சாவிகள் ஏதுமில்லாத கொள்கலனுக்குள் (கணினியின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரித்து வைத்த சூழலுக்குள்) அப்படி ஓட்டுவது ஏற்கத்தக்க வழக்கம். அதனால் ‘பாதுகாப்பற்ற’ என்ற பொருளைச் சொல்லுக்குள் புதைக்காமல், தேவையான இடத்தில் ‘காப்பிலாத் தன்னொப்புதல்’ என்று அடை சேர்க்கலாம். விதிகளின் பெயரில் ‘கண்காணிப்பு’ வேண்டாம், ‘கண்டறிதல்’ போதும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். நாம் தேடுவது ஒரு செயலாக்கத்தின் நிலையை, ஒரு மனிதரின் நடத்தையை அன்று.

எங்கள் உள் அறிவிப்பின் வரைவில் இப்படி எழுதிப் பார்த்தேன்: “உங்கள் மடிக்கணினியில் காப்பிலாத் தன்னொப்புதல் கண்டறியப்பட்டுள்ளது. இதை நீங்கள் இயக்கினீர்களா, அல்லது அண்மையில் ஏதேனும் தொகுப்பை நிறுவினீர்களா என்று தெரிவியுங்கள்.” வாசிக்கும்போது ‘காப்பிலா’ சற்று நெருடுகிறது, ‘காப்பற்ற’ சரளமாக இருக்கிறதா என்று இலக்கணம் அறிந்த நண்பர்கள் சொல்ல வேண்டும்.