ஜாம் போத்தலில் துணி ஏன்? 'சில்தெதொய்' என்ற நோர்வீஜியச் சொல்லின் பிறப்பு

கேள்வி:
ஒஸ்லோவில் நோர்வீஜிய மொழி கற்று வருகிறேன். இங்கே ஜாமைச் 'சில்தெதொய்' என்கிறார்கள். 'சில்தெ' என்றால் ஊறவைத்துப் பதப்படுத்துதல், 'தொய்' என்றால் துணி. உள்ளாடையைக் குறிக்கும் 'உன்னர்தொய்' என்ற சொல்லில் அப்பொருள் பொருந்துகிறது. ஆனால் ராஸ்பெரி ஜாம் போத்தலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் 'ஊறிய துணி' என்றே மனத்தில் படுகிறது. இக்கூட்டுச்சொல் எவ்வாறு அமைந்தது?

மறுமொழி 1:
தங்களைக் குழப்புவது 'தொய்' என்பதன் இன்றைய பொருளே. அது நோர்வீஜியத்தின் மூதாதையான பழைய நோர்ஸ் மொழிச் சொல்லன்று. 14ஆம் நூற்றாண்டு முதல், வட ஜேர்மன் நகரங்களின் வணிகக் கூட்டமைப்பான ஹன்சாவின் வணிகர்கள் நோர்வேயின் பேர்கன் துறைமுகத்தில் நிலையாகத் தங்கி, காற்றில் உலர்த்திய மீனை வாங்கி ஏற்றுமதி செய்த காலத்தில், கைத்தொழிலும் சமையலும் சார்ந்த எண்ணற்ற சொற்களோடு, அவர்கள் பேசிய கீழ் ஜேர்மன் என்ற வட ஜேர்மன் மொழியிலிருந்து வந்து சேர்ந்தது. அங்கே அதற்கு ஒரு வேலைக்குரிய பொருள், சாமான் என்று பொருள். எனவேதான் கருவி 'வெர்க்தொய்', அதாவது வேலைச் சாமான். பொம்மை 'லேகெதொய்', விளையாட்டுச் சாமான். தனித்து நின்ற 'தொய்' துணிச் சரக்கை மட்டும் குறிக்கும் அளவுக்குச் சுருங்கிவிட, கூட்டுச்சொற்களின் ஈற்றில் பழைய பொருள் அப்படியே தங்கிவிட்டது. ஆகவே உங்கள் போத்தலில் இருப்பது 'ஊறவைத்த பண்டம்'.

மறுமொழி 2:
முற்பாதியும் சுவையானது. 'சில்தெ' என்பதும் கீழ் ஜேர்மன் வரவுதான். அது 'உப்பு' என்ற சொல்லோடு உறவுடையது, உப்புநீரையும் அதில் ஊறிய இறைச்சியையும் குறித்தது. நத்தார்க் காலத்தில் பன்றித்தலை இறைச்சியை வேகவைத்து, அழுத்தி, மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பரிமாறும் உணவுக்கு இன்றும் 'சில்தெ' என்றே பெயர். உப்பா சீனியா என்று பாராமல், கெடாமல் காக்கும் செயலையே அவ்வினைச்சொல் பற்றிக்கொண்டதால், பழத்துக்கும் அதுவே பொருந்திவிட்டது. நம் 'ஊறுகாய்' என்ற சொல்லும் எதில் ஊறியது என்று சொல்வதில்லை அல்லவா? சுவீடன் நாட்டவர் பிற்பாதியைச் சேர்க்காமல் 'சில்த்' என்றே ஜாமைக் குறிக்கிறார்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தோலால் செய்த சப்பாத்தையும் 'ஃபோத்தொய்' என்று ஏன் சொல்கிறார்கள் என்ற ஐயமும் இதனால் தீர்ந்தது. அது காலுக்குரிய சாமான்.

மறுமொழி 1:
ஆம், சரியாகப் பிடித்துக்கொண்டீர்கள். இன்னும் ஒரு படி பின்னே சென்றால், 'தொய்' என்பதன் வேர் 'இழு' என்ற பொருளுடையது. ஒஸ்லோவில் நீங்கள் ஏறும் ரயிலின் பெயராகிய 'தோக்' என்பதும் அதே வேரில் பிறந்ததே.